‘நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரியே இருக்கே’ என்று நெஞ்சில் தைத்த டிவி நாடகக் காட்சி எது? அனுபவத்தை எழுதுங்கள்

தலவாக்கலை அக்கா

நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடோலசன்ஸ்’ எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கூடப் படித்த பெண்பிள்ளையைக் கொன்றதாக 13 வயதுப் பையன் கைதாகிற கதை. எனக்கு இரண்டாவது பாகம்தான் இன்னும் மனதைக் குடைகிறது. பாடசாலைக்கு விசாரிக்க வந்த பொலிஸ்காரரிடம் அவருடைய சொந்த மகனே, இன்ஸ்டாகிராமில் போடுகிற இதயங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அர்த்தம் என்று விளக்குவான். அவன் சொல்லி முடிப்பதற்குள், என் பக்கத்தில் கம்பளிக்குள் படுத்திருந்த மகன், தரம் 8, "மஞ்சள்னா வேற, ஊதான்னா வேற" என்று முணுமுணுத்தான்.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா."

டிவியில் அந்த அப்பாவின் முகம் மாறியது. மகன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஃபோனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான். மூன்று மாதமாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பதுளைப் பக்கம்

எனக்கு ‘கனா காணும் காலங்கள்’, பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றிய நாடகம். விஜய் டிவியில் 2006-இல் தொடங்கியது. எங்கள் லயத்தில் டிஷ் இருந்தது கடைசிக் காம்பராவில் மட்டும். அந்த வீட்டு இஸ்தோப்பில் செருப்பு குவிந்து கிடக்கும், வாசலில் நின்றபடியே எட்டிப் பார்ப்போம். அந்தப் பிள்ளைகளின் சண்டையும் சிநேகமும் அப்படியே எங்கள் வகுப்புதான்.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற கூட்டாளி, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்: "மச்சான், நாளைக்குக் கொழும்பு போறேன். புறக்கோட்டையில ஒரு கடை."

"அப்ப ஸ்கூல்?"

"அது முடிஞ்சிருச்சுடா."

அவனுக்கு வயது 15. முழுப் பாகத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனான். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கேயாவது கேட்டால் அவனுடைய ஈரச் சட்டை என் தோளில் உரசுகிற மாதிரி இருக்கும்.

ஹட்டன் டீச்சர்

தம்பி, உங்கள் கதை வலிக்கிறது. ஆனால் அந்த நாடகத்தை அப்படியே நம் வாழ்க்கை என்று சொல்லாதீர்கள். உங்கள் கூட்டாளி மாதிரி ஒரு பிள்ளை அதில் எங்கே இருந்தான்? அப்போது நம் நாட்டில் கட்டாயக் கல்வி 14 வயது வரைதான். 2016-இல்தான் 16 ஆக்கினார்கள். அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தலவாக்கலை அக்கா, ஃபோனைப் பறித்துவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெற்றோர் பறித்தார்கள், பிள்ளை கூட்டாளியின் ஃபோனில் இன்னொரு கணக்குத் திறந்தது. கேட்பதையும் நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். பஸ்ஸில் போகும்போது, விறகு அடுக்கும்போது, கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். "நீ என்ன செய்தாய்" என்று தொடங்க வேண்டாம். "உங்க வகுப்புல யாருக்காவது அந்த மாதிரி போட்டாங்களா" என்று தொடங்குங்கள். சொன்னால் உடனே திட்டாதீர்கள், பாடசாலைக்கும் ஓடாதீர்கள், முதலில் முழுக்கக் கேளுங்கள். யாராவது மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் 1929-க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் பேசலாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

பதுளைப் பக்கம்

டீச்சர், வாழ்க்கை முழுக்க அதில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவன் எங்கே நின்று அதைப் பார்த்தான் என்றுதான் சொன்னேன்.

பண்டாரவளை, ஏ.எல். பிள்ளை

எல்லாரும் பெரியவர்களாக எழுதுகிறீர்கள், நானும் சொல்கிறேன். ‘அடோலசன்ஸ்’ மூன்றாவது பாகம். அந்தப் பையனும் மனநல நிபுணரும் ஒரே அறையில், வெட்டே இல்லாமல் ஒரே ஷொட். ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் நடிப்பு. அதற்காக 15 வயதில் எம்மி விருது வாங்கினான். கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு போகும்போது, என்னைக் கொஞ்சமாவது பிடிக்குமா என்று அவரைப் பார்த்துக் கத்துவான்.

என் அம்மா நான் தரம் 5 படிக்கும்போது குவைத் போனார். வாரத்தில் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் வருவார். சாப்பிட்டியா, படிச்சியா, காசு வந்துச்சா. அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மாயி என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "அந்தப் பய என்னத்தக் கேட்டு அப்புடிக் கத்துறான்?" என்றார்.

தண்ணி கேட்கிறான் என்று சொல்லிவிட்டேன்.