புதுப்பிப்பு: எச்எஸ்ஜில ரெண்டு ட்யூபும் பிளாக்னு வந்துச்சு, லேப்ராஸ்கோபில வேற மாதிரி தெரிஞ்சது

எச்எஸ்ஜி எக்ஸ்ரேல (கர்ப்பப்பைக்குள்ள டை ஏத்தி எடுக்கறது) ரெண்டு கருக்குழாய் ட்யூபும் கர்ப்பப்பை ஓரத்துலயே அடைப்புன்னு ரிப்போர்ட் வந்து, நேரா ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி சிகிச்சை) போகணுமான்னு இங்க கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

"டை ஏத்தும்போது ட்யூப் வாய் இறுகிட்டாலும் பிளாக் மாதிரிதான் தெரியும், உறுதி பண்ணாம முடிவெடுக்காதம்மா"ன்னு ஒரு அக்கா எழுதினாங்க, அதுதான் சரியா இருந்துச்சு. அடையார்ல வேற டாக்டர்கிட்ட காட்டினோம், லேப்ராஸ்கோபி (வயித்துல சின்ன துளை போட்டு கேமரா விட்டு பாக்கறது) பண்ணி நீல மருந்து விட்டு பாத்தாங்க, வலது ட்யூப் முனைல நீலம் தாராளமா வழியுது, வீடியோல பாத்துட்டு நானும் அவரும் அழுதுட்டோம். இடது நிஜமாவே அடைப்புதான்.

எதிர்பாக்காதது, லேசா எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்வரி மாதிரி திசு வெளியில வளர்றது) இருந்துச்சு, எச்எஸ்ஜில அது தெரியாதாம், அங்கயே சுட்டு எடுத்துட்டாங்க. அப்புறம் தோள்பட்டை வலி! வயித்துல ஏத்தின கேஸ்னாலதான், கொஞ்ச நாள்ல தானா போயிடுச்சு.

எச்எஸ்ஜி போறவங்க பீரியட்ஸ் நின்னதும், முட்டை வெடிக்கறதுக்கு முன்னாடி போங்க, வலி மாத்திரை முன்கூட்டியே போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வீட்டுக்காரரோட செமன் டெஸ்டையும் முதல்லயே பண்ணிடுங்க, ஊசியே இல்லாத அந்த டெஸ்டை விட்டுட்டு பொண்ண மட்டும் அலைய விடறது நியாயமே இல்ல.

இப்போதைக்கு ஐவிஎஃப் வேணாம், ஃபாலிகுலர் ஸ்கேன் (முட்டை வளர்ச்சி பாக்கற ஸ்கேன்) பாத்துட்டு சில மாசம் முயற்சி பண்ணுங்கன்னு சொல்லிருக்காங்க.