மேட்பிளாட்லிப்பில் அச்சுகளை ஆதிப்புள்ளியில் வெட்டச் செய்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். பதினொன்றாம் வகுப்பு முக்கோணவியல் பாடத்துக்காக, பைத்தான் நிரல்மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பைக் கொண்டு சைன் வளைவரையை −2பை முதல் 2பை வரை வரைந்தேன். வளைவரையில் குறையில்லை, அச்சுகள்தான் கரும்பலகையில் நாம் வரைவதைப் போல அமையவில்லை. படத்தைச் சுற்றி ஒரு சட்டம் நிற்கிறது. கிடை அச்சில் −6, −4, −2 என்று எண்கள் வருகின்றன. வளைவரை அச்சை வெட்டுவது பையில் என்பதை மாணவர்கள் படத்தைப் பார்த்தே சொல்லும்படி இதை மாற்ற முடியுமா?

மறுமொழி 1:
முடியும். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேட்பிளாட்லிப்பில் ‘ஸ்பைன்’ என்று பெயர். மேல், வலப் பக்கங்களை மறைத்துவிட்டு, இட, அடிப் பக்கங்களை ‘செட் பொசிஷன்’ மூலம் ‘ஜீரோ’வுக்கு நகர்த்தினால் இரண்டும் ஆதிப்புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அடுத்து, ‘மல்டிபிள் லொக்கேட்டர்’ வழியாக எண்களின் இடைவெளியைப் பை/2 என்று கொடுங்கள். அதோடு நிறுத்தினால் குறிகள் சரியான இடத்தில் இருந்தாலும் தசம எண்களே தெரியும் என்பதால், அவற்றைப் பையின் மடங்குகளாக எழுதித் தரும் சிறு செயற்கூறு ஒன்றை ‘ஃபங்க் ஃபார்மேட்டர்’இடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செயற்கூறு 0 வரும்போது வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையை, திருப்பித் தரட்டும். இல்லையேல் ஆதிப்புள்ளியருகே இரண்டு சுழியங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால், என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமானது அளவுத்திட்டம். ஆதிப்புள்ளியில் சைனின் சாய்வு 1. ஆகவே அங்கே தொடுகோடு 45 பாகையில் இருக்க வேண்டும். மென்பொருளோ 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்ட படத்தை நிரப்புவதற்காக ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நீட்டுவதால், அதே தொடுகோடு ஏறக்குறைய செங்குத்தாகவே தோன்றும். ‘செட் ஆஸ்பெக்ட்’டில் ‘ஈக்வல்’ என்று கொடுத்துப் பாருங்கள். படம் தட்டையாகும்; அதற்கேற்ப அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி, அச்சுகள் பாடநூலில் உள்ளதைப் போலவே வந்துவிட்டன. இப்போது ஒரு புதுச் சிக்கல்: பைக்குப் பிறகு வளைவரை கீழே இறங்கும்போது, அங்கே எழுதியுள்ள ‘பை’யின் மீதே ஏறிச் செல்கிறது.

மறுமொழி 1:
அச்சை நடுவுக்குக் கொண்டுவந்ததன் விலை அது. எழுத்துகளுக்குப் பின்னால் ‘செட் பிபாக்ஸ்’ மூலம் வெள்ளைப் பெட்டி வையுங்கள். இயல்பாக அச்சின் எழுத்துகள் கோடுகளுக்கு அடியில் வரையப்படுவதால் பெட்டி மட்டும் பயன் தராது. ‘செட் ஆக்சிஸ் பிலோ’வுக்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்தால்தான் அவை வளைவரைக்கு மேலே வரும்.