சுரங்கக் குத்தகை 2046 வரை நீண்டால் பட்டாதாரருக்கு இழப்பீடு எவ்வளவு?

மானாவாரிக்காடு:
திருநெல்வேலி மாவட்டம் மானூர் வட்டத்தில் 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை, கூட்டுப் பட்டா. சிமெண்ட் ஆலை ஒன்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் வருகிறது. ஆலைக்கு அரசு கொடுத்த குத்தகை 1996-இல் தொடங்கியது. எங்களோடு பத்திரம் போட்டது 2006-இல், 20 வருடத்துக்கு. ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய். அந்தக் கெடு இந்த வருடம் முடிகிறது. "அரசுக் குத்தகை 2046 வரை நீண்டாச்சு, உங்க கையெழுத்தே தேவையில்லை, பழைய ரேட்தான்" என்கிறார்கள். நிலத்தில் பாதி ஏற்கெனவே குழி. இது சரிதானா? டன்னுக்கு இவ்வளவு என்று பங்கு கேட்கலாமா?

புலப்படம்:
அண்ணாச்சி, அவர்கள் சொல்வதில் பாதி சரி. 12-1-2015 முதல் சுரங்கச் சட்டத்தில் 8ஏ பிரிவு வந்துவிட்டது. அதன்பின் சுண்ணாம்புக்கல் போன்ற பெரும் கனிமங்களுக்கு 'புதுப்பித்தல்' என்பதே கிடையாது. சொந்த ஆலைக்காகக் கல் எடுக்கும் பழைய குத்தகைகள் 31-3-2030 வரையோ, கொடுத்த நாளிலிருந்து 50 வருடம் வரையோ, கடைசியாகப் புதுப்பித்த காலம் முடியும் வரையோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை தானாகவே நீளும். 1996 என்றால் 2046 சரிதான். கையெழுத்து விஷயத்திலும் சட்டம் அவர்கள் பக்கமே சாய்கிறது. 1960 கனிமச் சலுகை விதிகளிலேயே, முதலில் சம்மதம் வாங்கியிருந்தால் புதுப்பிக்கும்போது மறு சம்மதம் வேண்டாம் என்று இருந்தது. ஆகவே 'கையெழுத்துப் போட மாட்டேன்' என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆனால் நீண்டது அரசுக்கும் ஆலைக்கும் உள்ள குத்தகை. உங்கள் 4,000 ரூபாய் அதோடு சேர்ந்து நீளாது. அதே சுரங்கச் சட்டத்தின் 24ஏ பிரிவு ஆலைக்கு நிலத்துக்குள் நுழையும் உரிமையைத் தருகிறது. மேற்பரப்பை அனுபவிப்பவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் கடமையையும் அதே பிரிவுதான் சுமத்துகிறது. முதலில் 2006 பத்திரத்தின் காலவரை வாசகத்தைப் பாருங்கள். '20 ஆண்டுகள்' என்று மட்டும் இருக்கிறதா, 'சுரங்கக் குத்தகை அமலில் உள்ளவரை' என்றும் இருக்கிறதா? இரண்டாவது இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒரு கடிதம்கூட எழுத வேண்டாம்.

கரிசல்:
கணக்கு எப்படிப் போடுவது என்று சொல்கிறேன், ஏமாறுவது அங்கேதான். விவசாய நிலத்துக்கு ஆண்டு இழப்பீடு என்பது, அதைப்போன்ற நிலத்தில் முந்தைய 3 ஆண்டு சாகுபடியில் கிடைத்த நிகர வருமானத்தின் சராசரி. 1960 விதிகளில் 72-ஆம் விதி இது. 2016 விதிகளிலும் இதே அடிப்படைதான். "உங்க நிலம் குழியாக் கிடக்கு, வருமானம் பூஜ்யம்" என்பார்கள். விதி கேட்பது 'ஒத்த நிலத்தின்' வருமானத்தை. குழியின் வருமானத்தை அல்ல. பக்கத்தில் உழுது விதைக்கிற, அதே மண்வாகுள்ள மானாவாரிப் புஞ்சையின் அடங்கல் (பயிர்ப் பதிவேடு) நகலை மூன்று பசலிக்கும் (ஜூலை முதல் ஜூன் வரையான வருவாய்த்துறை ஆண்டு; 1432, 1433, 1434) கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்குங்கள். அதில் பயிர்ப் பத்தியில் 'தரிசு' என்று எழுதியிருந்தால் அந்த சர்வே எண்ணை விட்டு வேறொன்றை எடுங்கள்.

மாதிரிக்கு உளுந்து. ஏக்கருக்கு 3 குவிண்டால் என்று வைப்போம். ஆதரவு விலை அந்த மூன்று பருவங்களில் குவிண்டாலுக்கு 6,600, 6,950, 7,400. சராசரி மொத்த வரவு 20,950 ரூபாய். உழவு, விதை, களை, அறுவடைச் செலவு 11,000 போனால் நிகரம் 9,950. உங்கள் 2.40 ஏக்கருக்கு ஆண்டுக்கு 23,880. இப்போது வாங்குவது 9,600. விளைச்சலும் செலவும் உங்கள் ஊர் நிலவரப்படி மாறும். ஆனால் செலவைக் கூட்டி வரவைக் குறைக்கிற கணக்கு அவர்களிடமிருந்து வரும். ஆள்கூலி, டிராக்டர் வாடகை ரசீதுகளை ஒத்த நிலத்துக்காரரிடம் கேட்டுக் கையில் வைத்திருங்கள்.

டன்னுக்குப் பங்கு சட்டத்தில் இல்லை. பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி அரசுக்குப் போகிறது. 2015-க்கு முந்தைய குத்தகை என்பதால் அதில் 30 சதவீதம், அதாவது 24 ரூபாய், மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு ஆலை தனியாகக் கட்டுகிறது. அது குடிநீர், பள்ளி போன்ற ஊர்ப் பணிக்கு, தனியாளுக்கு வராது. கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள்.

புலப்படம்:
கூட்டுப் பட்டா என்பது பெரிய ஓட்டை. பங்காளி ஒருவர் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றவர் கணக்கு சிக்கிக்கொள்ளும். முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் வாரிசுச் சான்றும் வேண்டும். பிறகு சர்வேயரை வைத்து அளந்து, குழி எங்கே தொடங்குகிறது என்று நில அளவைப் புலப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்து எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும். குத்தகைக்கு வெளியேயும் உங்களுக்கு நிலம் இருந்தால் அங்கே இதைச் சரிபாருங்கள்.

புதுப் பத்திரம் ஓர் ஆண்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியது நீதிமன்றத்தில் நிற்காது. 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுகணக்கு, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைப்பது, குழியை மூடாவிட்டால் என்ன தொகை, இவை அதில் இருக்கட்டும். பொது அதிகாரப் பத்திரம் என்று எதையும் கூடவே நீட்டினால் தொடாதீர்கள்.

மானாவாரிக்காடு:
பத்திரத்தில் '20 ஆண்டுகள்' மட்டுமே இருக்கிறது. அடுத்து எங்கே போக வேண்டும்? பழைய ரேட்டில் காசோலை அனுப்பினால் வாங்கலாமா?

கரிசல்:
கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு. இழப்பீட்டை நிர்ணயிக்க அரசு நியமித்த அலுவலர் யார் என்பதையும் அதிலேயே கேளுங்கள். கனிமவளத் துறைக்கு ஒரு நகல், இரண்டுக்கும் ஒப்புகை. குத்தகைப் பத்திர நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். காசோலையை வாங்கலாம், ஆனால் 'முழுத் தொகையாக ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் பெறப்பட்டது' என்று அன்றே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள். ரசீதில் 'கணக்கு நேர் செய்யப்பட்டது' என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் அதை அடிக்கச் சொல்லுங்கள்.