குடலில் குண்டு பட்ட மான்

நான் துப்பாக்கி பிடித்ததில்லை. ஆனால் முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கி மான் வேட்டைக்குப் போகும் இரண்டு நண்பர்களோடு நான்கு வருடம் காட்டுக்குள் அலைந்திருக்கிறேன். ஒருவர் இறைச்சிக்காகப் போகிறவர். ஒரு மான் கிடைத்தால் போதும், அப்புறம் அந்த வருடம் துப்பாக்கியைத் தொடமாட்டார். இன்னொருவர் கொம்புக்காகப் போகிறவர். எத்தனை கிளை, எவ்வளவு அகலம் என்று அளந்து சுவரில் மாட்டி வைப்பார்.

எனக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தை முதலில் அம்பெய்து காயப்படுத்தி, பல மணி நேரம் கழித்துத்தான் கொன்றார்கள். ஒரு தலையைச் சுவரில் மாட்ட அந்த உயிர் அவ்வளவு நேரம் துடிக்க வேண்டுமா என்று எனக்கு ஆறவே இல்லை. அதனால் கொம்புக்காரரோடு சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேசியதில்லை.

மூன்றாவது வருடம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இறைச்சிக்காரர் ஒரு பெட்டை மானைச் சுட்டார். அது முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தோம். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர்சிவப்பாக நுரையோடு கிடக்கும். இங்கே கருஞ்சிவப்பு. நடுவே மென்ற புல் துணுக்குகள், புளித்த நாற்றம். குடலில் பட்டிருக்கிறது.

"இனி இது சாப்பிட ஆகாது" என்றார் இறைச்சிக்காரர். வண்டியேறிப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. இறைச்சிக்காக வந்தார், அது இல்லை என்றானதும் அவருக்கு அங்கே வேலை இல்லை.

கொம்புக்காரர் கிளம்பவில்லை. சுட்டது அவர் இல்லை, அந்த மானுக்குக் கொம்பும் இல்லை. "இப்போதே துரத்தினால் எழுந்து வெகுதூரம் ஓடிவிடும். விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்" என்றார். நள்ளிரவு தாண்டிக் கைவிளக்கோடு நடந்தோம். ரத்தத் துளி கண்ட இடத்திலெல்லாம் ஒரு காகிதத் துண்டைக் கிளையில் செருகிக்கொண்டே போனார். தடம் விட்டுப் போனால் கடைசிக் காகிதத்துக்குத் திரும்பி வந்து, மண்டியிட்டு, இலை இலையாகப் புரட்டுவார். ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையே சில சமயம் அரை மணி நேரம் போனது.

நன்றாக விடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, எழ முடியவில்லை. ஒரே குண்டு. ஒரு குச்சியால் அதன் கண்ணைத் தொட்டு, இமை அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வட இந்தியாவின் சம்பாவத் பகுதியில் சுட்ட பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலது பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எப்போதோ பட்ட துப்பாக்கிக் காயத்தால்தான் அதனால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனது என்றார் கார்பெட். காயப்படுத்திவிட்டு முடிக்காமல் விட்ட ஒரு குண்டுக்கு அத்தனை வீடுகள் விலை கொடுத்திருக்கின்றன. ஏன் வேட்டைக்குப் போகிறாய் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நான், குறி தவறினால் என்ன செய்வாய் என்று யாரையும் கேட்டதில்லை.

கொம்புக்காரரின் சுவரை இன்றும் என்னால் பார்க்க முடியவில்லை. அதை அவரிடமே சொல்லிவிட்டேன், அவர் மறுத்துப் பேசவில்லை. நான்காவது வருடம் அவரோடு மட்டும்தான் போனேன்.