புதுப்பிப்பு: சோயா மெழுகை எந்தச் சூட்டில் ஊற்றுவது?

சோயா மெழுகுவர்த்தியின் மேற்பரப்பு குண்டும் குழியுமாக வருகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஊற்றும் சூட்டை மாற்றிப் பாருங்கள் என்றீர்கள். பார்த்துவிட்டேன்.

ஒரே மெழுகு, ஒரே திரி, நான்கு கண்ணாடிக் குவளைகள். 85 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, வாசனை எண்ணெய் கலந்து, 75, 65, 57, 50 என ஆறவிட்டு ஊற்றினேன். 75-இல் ஊற்றியதில் திரியைச் சுற்றிக் குழி விழுந்தது. 65 பரவாயில்லை, ஓரத்தில் மட்டும் சின்ன வெடிப்பு. 50-இல் ஊற்றும்போதே இட்லி மாவு மாதிரி மடிப்பு மடிப்பாக விழுந்தது. 57 தான் வழவழவென்று வந்தது.

சரி, முடிந்தது என்று மறுநாள் அதே 57-இல் இன்னொன்று ஊற்றினேன். மேலெல்லாம் சொரசொரப்பு! அப்புறம்தான் உறைத்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்தி, குவளையை வெந்நீரில் வைத்துத் துடைத்து, குவளை லேசான சூட்டோடு இருக்கும்போதே ஊற்றியதும் சரியாகிவிட்டது.

வெள்ளைப் பூப்பு, அதாவது மெழுகின் மேல் வெண்மையாகப் படரும் திட்டு மட்டும் இரண்டு நாளில் மெல்ல எட்டிப் பார்க்கிறது. அது சோயா மெழுகு படிகமாகும் குணம். சாயம் சேர்க்காவிட்டால் அவ்வளவாகக் கண்ணில் படாது. வாசனை மெழுகில் நன்றாகப் பிடிக்க இரண்டு வாரம் அப்படியே வைத்துவிட்டு ஏற்றிப் பார்க்கிறேன்.