மனந்திரும்பினா போதுமா, முழுங்கின காசைத் திருப்பித் தரணுமா?

பனங்காட்டு_பாவி: போன ஞாயிறு சபைல ஒருத்தர் சாட்சி சொன்னார். ஊரெல்லாம் சீட்டு புடிச்சு முழுங்கிட்டு காணாமப்போன ஆளு, இப்ப வெள்ளை சட்டை போட்டு மைக்கைப் புடிச்சு "பழையவைகள் ஒழிந்துபோயின, கர்த்தர் என்னை மன்னிச்சிட்டார்"னு அழுவுறார், மொத்த சபையும் அல்லேலூயா போடுது. மக கல்யாணத்துக்குன்னு அவர்ட்ட சீட்டு கட்டி ஏமாந்த அக்கா கடைசி பெஞ்சுல பைபிளை மூடி மடில வச்சிட்டு உக்காந்திருக்காங்க, வாயே தொறக்கல. பைபிள்ல வர்ற வரி வசூல்காரன் சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு இயேசுகிட்ட சொன்னான், இவர் ஒரு மடங்காவது தரலாம்ல?

கிருபை_மட்டும்: பிரதர், மன்னிக்கிறது தேவன், நீங்க இல்ல. லூக்கா 19 ஒழுங்கா வாசிங்க. 5ஆம் வசனத்துலயே "உன் வீட்ல தங்கணும்"னு இயேசு கூப்பிட்டாச்சு. காசு பேச்சு 8லதான் வருது. 5 முதல்ல, 8 அப்புறம். எண்ணத் தெரியும்ல?

பனங்காட்டு_பாவி: நல்லாவே தெரியும், 8க்கு அப்புறம் 9 வரும். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ன்னு சொன்னது 9ல. 5ல வீட்டுக்கு வர்றேன்னு மட்டும்தான் சொன்னார்.

கிருபை_மட்டும்: 9லயே காரணமும் இருக்கு, "இவனும் ஆபிரகாமுக்குக் குமாரன்". நாலு மடங்கு தந்ததாலன்னு எங்க இருக்கு? சிலுவைல பக்கத்துல தொங்குன கள்ளன் யாருக்கு எத்தனை மடங்கு குடுத்தான்? அன்னைக்கே பரதீசு!

பனங்காட்டு_பாவி: அவன் சாகக் கெடந்தான், எங்கேர்ந்து குடுப்பான். நம்மாளு கைல ஆணியா இருக்கு, புதுக் கார் சாவில்ல இருக்கு.

மரியாளின்_மகள்: எங்க கத்தோலிக்க சபைல பாவசங்கீர்த்தனம் பண்ண, அதான் சாமியார்ட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்க, போனா, திருடினதைத் திருப்பிக் குடுன்னு சாமியார் சொல்லாம விடமாட்டார். உங்க சபைகள்லதான் மைக் கெடைச்சா பாவமன்னிப்பு.

கிருபை_மட்டும்: வந்துட்டாங்கய்யா. பாவமன்னிப்புச் சீட்டு வித்தது யாரு சிஸ்டர்? 1517ல எங்க புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி போட்ட லூத்தர், அதை எதிர்த்து எதுக்கு 95 வாதம் எழுதிப் போட்டார்? அதுவும் சீட்டுக் கம்பெனிதான்.

மரியாளின்_மகள்: காசு வாங்கிட்டு அந்தச் சீட்டு குடுக்கிறதை 1567லயே பாப்பரசர் ஐந்தாம் பயஸ் ரத்து பண்ணியாச்சு, 450 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதே பாட்டு. உங்க லூத்தரோட 95ல முதலாவது என்னன்னு தெரியுமா, விசுவாசியோட வாழ்க்கை முழுக்க மனந்திரும்புதலா இருக்கணும்கிறதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்னு அவர் சொல்லல.

நெல்லை_எக்ஸ்பிரஸ்: அந்த அக்காவுக்கு எவ்வளவு வரணும்? கேஸ் போட்டாங்களா?

பனங்காட்டு_பாவி: லேவியராகமம் 6 பாருங்க, அபகரிச்சதோட அஞ்சுல ஒரு பங்கு சேர்த்து உடையவன்ட்ட குடுத்துட்டுதான் குற்றநிவாரண பலிக்கே வரணும். ஆடு திருடினா நாலு ஆடுன்னு யாத்திராகமம் 22, சகேயு அந்தக் கணக்கைத்தான் சொல்றான். எசேக்கியேல் 33:15, கொள்ளையடிச்சதைத் திருப்பிக் குடுத்தா பிழைப்பான். மத்தேயு 5ல பலிபீடத்துக்கிட்டயே காணிக்கையை வச்சிட்டுப் போய் முதல்ல சகோதரன்ட்ட ஒப்புரவாகுன்னு இயேசுவே சொல்றார். நம்மாளு காணிக்கை போட்டார், நானே பாத்தேன், கவர் நல்ல தடிமன், அது யார் காசுன்னு பாஸ்டர் கேக்கல, கமிட்டியும் கேக்கல, கேட்ட நான்தான் இப்ப எல்லாருக்கும் பரிசேயன், சட்டம் பேசுற வேஷக்காரன்.

கிருபை_மட்டும்: நீங்களே சொல்லிட்டீங்க 😀 கெட்ட குமாரன் வந்தப்ப அப்பா பாஸ்புக் கேட்டாரா? கொழுத்த கன்னுக்குட்டி அடிச்சார். நீங்க வெளிய நின்னு மூஞ்சியத் தூக்கின மூத்த மகன்.

பனங்காட்டு_பாவி: அவன் அழிச்சது அப்பன் காசு, அப்பன் விடலாம். இது அக்கா காசு.

கிருபை_மட்டும்: அப்போ தேவனுக்கு மன்னிக்க அதிகாரம் இல்லைங்கிறீங்க? சங்கீதம் 51ல தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்"னு சொல்றார்.

பனங்காட்டு_பாவி: யாரோட பெண்டாட்டியை எடுத்துட்டு ஆளையும் தாவீது கொல்ல வச்சாரோ, அந்த உரியா வீட்ல போய் அதைச் சொல்லுங்க. 8ஆம் வசனத்துக்கு இன்னும் பதில் வரல.

கிருபை_மட்டும்: 5ஆம் வசனம்!! இங்க ஞானஸ்நானம் பத்தி முன்னாடி நடந்த விவாதத் திரில தோத்ததுலேர்ந்து என் மேல கடுப்பு உங்களுக்கு. தண்ணி தெளிக்கிறதா, தண்ணில முழுக்குறதான்னு கேட்டதுக்கு இன்னும் ஒரு வசனம் காட்டல.

மரியாளின்_மகள்: அதுலயும் இவர்தான் கடைசில திட்டிட்டு ஓடினார்.

கிருபை_மட்டும்: யாரு ஓடினா? ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

நெல்லை_எக்ஸ்பிரஸ்: கேஸ் போட்டாங்களான்னு கேட்டேன்...

பனங்காட்டு_பாவி: போடல. விசுவாசி மேல விசுவாசி கோர்ட்டுக்குப் போகக்கூடாது, 1 கொரிந்தியர் 6னு அக்காவைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லிட்டாங்க. அதே அதிகாரம் 10ஆம் வசனம், திருடரும் கொள்ளைக்காரரும் தேவனுடைய ராஜ்யத்தை சுதந்தரிக்க மாட்டாங்க. அதை அவருக்கு யாரும் வாசிச்சுக் காட்டல.

கிருபை_மட்டும்: 11ஐயும் வாசிங்க! "கழுவப்பட்டீர்கள்"!

பனங்காட்டு_பாவி: கழுவினாங்க சார், அக்கா பேங்க் அக்கவுண்டை. ஸ்கிரீன்ஷாட் போடுங்க பாப்போம், தெளிப்பு மேட்டர்ல யார் ஓடினாங்கன்னு தெரியட்டும்.