முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எடை தூக்கியது: சேலம் பக்கத்து அனுபவங்கள்

கபடி ஆடும் பெண்ணின் அப்பா, ஆத்தூர்:
மகள் பதினொன்றாம் வகுப்பு. ரெய்டு போய்த் திரும்பும்போது கால் தரையிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஏசிஎல் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார்) கிழிந்து, அதற்குப் பதிலாகப் பின்தொடையின் தசைநாரை எடுத்துப் பொருத்தினார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஆறு மாசத்துல ஆடிடலாம்" என்றார்கள். பிசியோ மேடம் மாதக் கணக்கே பேசவில்லை. முட்டி முழுசா நீளுதா, முன்தொடை இறுகுதா, இந்த இரண்டைத்தான் கேட்டார். முட்டியில் நீர் கோத்திருக்கும்வரை அந்தத் தசை சரியாக வேலை செய்யாதாம். அதனால்தான் கால் குச்சியாக இளைத்துப்போகிறது.

முதலில் காலை நீட்டித் தூக்குவது, அப்புறம் சுவரில் சாய்ந்து அரைகுறையாக உட்காருவது, படி ஏறுவது, லெக் பிரஸ் (உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் மெஷின்), கடைசியில் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட். எடை கூட்டலாமா என்று தெரிய, பயிற்சிக்கு மறுநாள் காலை முட்டியைப் பார்க்கச் சொன்னார். வீங்கியிருந்தால் பழைய எடைக்கே திரும்பணும், இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம். எங்களுக்குப் பெரிய பாடு மூன்றாம் மாதத்தில். "வலியே இல்லப்பா, ஓடறேன்" என்று தினமும் சண்டை. பொருத்திய தசைநார் அப்போதுதான் பலவீனமாக இருக்கும் என்று மேடம் சொன்னதைச் சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டினோம்.

பி.டி. வாத்தியார், ஏற்காடு:
மலைப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம், உடம்பு எடையை முன்தொடை தாங்கிக்கொண்டே நீள வேண்டும். என் மாணவனை ஏரியைச் சுற்றி நடக்க விட்டேன். சரிவில் இறங்க விடுவதற்கு முன், தாழ்வான பலகையிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கிப் பழக்கினேன். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம்.

பிசியோ, சேலம்:
என்னிடம் வரும் பையன்களில் பாதிப் பேர் "நம்ம சின்னப்பம்பட்டி கிரிக்கெட்டர் நடராஜன் அண்ணன் 2021 ஏப்ரல்ல முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு செப்டம்பர்ல துபாய்ல ஐபிஎல் டீமோட இருந்தாரே" என்பார்கள். தம்பி, எல்லா முட்டி ஆபரேஷனும் ஏசிஎல் ஆபரேஷன் இல்லை. ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களை வைத்து 2016இல் வந்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்த 9 மாதம் முடிந்தாலும் பலம் வந்திருக்கணும். ஆபரேஷனான காலின் பலம் நல்ல காலில் குறைந்தது 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் அப்படியே. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சும்மா இருந்த மாதங்களில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் 90 வந்தும் இரண்டு கால்களுமே பலவீனமாக இருக்கலாம். நல்ல காலுக்கும் முதலிலிருந்தே எடை கொடுங்கள்.

ஆத்தூர் அப்பா:
நன்றி மேடம். இங்கே ஊர்ப் பக்கம் லெக் பிரஸ் கிடையாது, வாரம் ஒருமுறைதான் சேலம் வர முடியுது. மற்ற நாளில் என்ன செய்வது?

பிசியோ:
ஸ்கூல் பையில் தண்ணீர் பாட்டில் அடுக்கி மாட்டிவிடுங்க சார். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கும் சுலபம். சுவர் பக்கம் நின்று, நாற்காலியில் ஒற்றைக்காலால் மெதுவா உட்கார்ந்து எழட்டும். எத்தனை பாட்டில், மறுநாள் வீக்கம் உண்டா என்று நோட்டில் எழுதச் சொல்லுங்க. அடுத்த முறை வரும்போது அந்த நோட்டோடு வரட்டும்.